திங்களும் வெள்ளியும்

“டீச்சர், எஃப் ஃபைவ் தட்டுங்க. புதுசா யாராச்சும் திட்டியிருந்தா வரும்” என்றான் பிரவுசிங் சென்டர் கொளஞ்சி.

பஞ்சவர்ணம் தட்டினாள். வந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த அந்த இடத்துக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்திருந்தாள். திரையில் ஒரு பாட்டு இணையதளம். அதில் அவள் கணவர் பாலசுந்தரத்தின் ஒரே ஆல்பத்துக்கு ஒரு பக்கம் இருந்தது.

‘திங்களும் வெள்ளியும்.’ எட்டுப் பாட்டு. எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதிப் பாடி, தொண்ணூற்றேழில் திருச்சியில் பதிவு செய்து, கேசட்டாக வந்தது. அவர் மாரடைப்பில் போய் இரண்டு வருடம் கழித்து, யாரோ ஒரு ரசிகர் அதை இணையத்தில் ஏற்றியிருந்தார்.

பக்கத்தின் மேல் மூலையில் ‘வகை’ என்று ஒரு கட்டம். சண்டை அந்தக் கட்டத்துக்குத்தான்.

காலையில் அதில் ‘பக்தி’ என்று இருக்கும். மத்தியானம் ‘காதல்’ ஆகியிருக்கும். நடுவில் ஒருவர் புகுந்து ‘நாட்டுப்புறம்’ என்று மாற்றிவிட்டுப் போவார். பம்பைச் சத்தம் கேட்டாலே அவருக்கு நாட்டுப்புறம்தான்.

சிறுவாச்சூர் காளி கோயிலில் நடை திறப்பதே திங்களும் வெள்ளியும்தான். ‘திங்களும் வெள்ளியும் கதவு திறப்பா’ என்று ஒருவர் பாடினால் வேறு யாரைப் பாடுகிறார்? இது பக்திக் கட்சி. போகப்போக அதில் ஆள் குறைந்து, சாமந்தி என்ற பெயரில் எழுதும் ஒருவர் மட்டும் விடாமல் நின்றார்.

காதல் கட்சிக்குத் தலைவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீரமணி.

“மூணாவது பாட்டுல ‘வெள்ளப் புழுதி ஒட்டுன பாதம்’னு வருது. சிறுவாச்சூர்ல ஏதுங்க வெள்ளப் புழுதி? அது சிமெண்ட் லாரி ஓடுற அரியலூர் ரோடு. அம்மன் என்ன அரியலூர் பஸ்ல ஏறியா வருது?”

“வந்தா உங்களுக்கென்ன? டிக்கெட் நீங்களா எடுக்குறீங்க?” என்று சாமந்தி பதில் எழுதியிருந்தார்.

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத் தளத்தை நடத்துகிறவர்கள் அலுத்துப்போய் ஒரு முடிவு சொல்லியிருந்தார்கள். பாடகர் வீட்டிலிருந்து யாராவது வந்து சொன்னால் அதையே போட்டுப் பக்கத்தைப் பூட்டிவிடுவோம், பிறகு யாரும் மாற்ற முடியாது.

அதற்காகத்தான் வந்தாள். சொல்ல வேண்டியதை வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஊரில் அவள் ‘சாமிப் பாட்டு பாடுனவரு வூட்டம்மா’. கோயில் பக்கத்து டீக்கடையில் அந்தக் கேசட் ஓடும்போது ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவளும் போட்டுக்கொள்வாள். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

இங்கே அவள் முகம் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை. அதை ஒரு இடத்திலாவது உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

கொளஞ்சி காட்டிக்கொடுத்தபடி ஆங்கில எழுத்துகளைத் தட்டத் தட்டத் தமிழாக விழுந்தது. ‘காதல்’ என்று முடித்தாள்.

அனுப்பும் முன், சற்று முன்னால் வந்த பதிவைப் படித்தாள். சாமந்தி எழுதியது.

“அந்த மூணாவது பாட்டுலயே இன்னொரு வரி இருந்துச்சு. ‘மூக்குத்தியக் கழட்டி வச்சா மொகமே வேற’ன்னு. அம்மன் எங்கயாச்சும் மூக்குத்தியக் கழட்டுமான்னு அவரே அத எடுத்துட்டாரு. ஒரு பொம்பளைக்காகப் பாடியிருந்தா எதுக்குங்க எடுக்கணும்?”

அந்த வரி கேசட்டில் இல்லை.

பாலசுந்தரம் அதைச் சவரம் செய்யும்போது மட்டும் கண்ணாடியைப் பார்த்து மெல்லப் பாடுவார். அடுப்படிக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்.

பஞ்சவர்ணம் மூக்குக் குத்திக்கொண்டதே இல்லை. சின்ன வயதில் ஆசாரி முன்னால் உட்கார வைத்தபோது எழுந்து ஓடியவள்.

கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவர் போய் வந்த ஒவ்வொரு திங்களும் வெள்ளியும், செருப்பில் அப்பியிருந்த வெள்ளைப் புழுதியை அவள்தான் தட்டி வாசலில் வைப்பாள். ஒரு நாளும் கேட்டதில்லை.

பதிவை மறுபடியும் படித்தாள். தளத்தில் எல்லோரும் காதல் என்று சொல்ல, இல்லவே இல்லை என்று ஒற்றை ஆளாக நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் யாருடைய மானத்துக்காக நிற்கிறாள் என்று அப்போதுதான் பஞ்சவர்ணத்துக்கு உறைத்தது.

தட்டியிருந்த வார்த்தையை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

‘பாலசுந்தரம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவர் திங்களும் வெள்ளியும் தவறாமல் சிறுவாச்சூர் போவார். இவை பக்திப் பாடல்கள்தான்.’

பெயர் போடவில்லை. அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கட்டத்தில் ‘பக்தி’ என்று விழுந்தது. பக்கத்திலேயே சின்னதாக ஒரு பூட்டுப் படம்.

“வீட்டுலயே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன. தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்று வீரமணி எழுதினார்.

“முடிஞ்சுதா டீச்சர்?” என்றான் கொளஞ்சி.

“இருப்பா” என்று இன்னொரு தடவை எஃப் ஃபைவ் தட்டினாள்.

சாமந்தி எழுதியிருந்தாள்.

“சரிங்க அக்கா.”