முடிவு எழுதாத மஹ்விஷ்

"மூணு நாளா இதே பதில்! மிஸ்ஸுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

ஃப்ளோரன்ஸ் மிஸ் நோட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. மஹ்விஷ் தலைகுனிந்தபடி நின்றாள்.

தினம் ராத்திரி இருபது நிமிஷம் கதைப் புத்தகம் படிக்கணும். படித்ததைப் பற்றி ஐந்து வரி எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரணும். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் இது ஃப்ளோரன்ஸ் மிஸ் போட்ட சட்டம். இதற்காக ஹெச்.எம். வாயாலேயே பாராட்டு வாங்கியவள் அவள். மற்ற டீச்சர்களுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட.

மஹ்விஷுக்குக் கிடைத்த புத்தகம் 'படகில் ஏறிய யானை'. கதையின் முடிவைப் பற்றி எழுதச் சொன்னால், மூன்று நாளும் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். 'கதை முடியவில்லை.'

"படிச்சாதானே முடியும், சோம்பேறி! இந்த மாசம் வாசிப்பு மார்க் உனக்கு முட்டைதான்."

"படிச்சேன் மிஸ். நடு ஆத்துல படகு ஆடுது. அப்புறம் பக்கமே இல்ல."

மிஸ் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு அப்புறம் நேரே அட்டை.

"ஓஹோ, கிழிச்சு வேற வெச்சிருக்கியா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா கிளாஸுக்குள்ள கால் வைக்காதே!"

மறுநாள் காலையில் மஹ்விஷைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா ஹபீபுர் ரஹ்மான் வந்து நின்றார். மந்தைவெளியில் பைண்டிங் கடை வைத்திருப்பவர். கடையைத் திறக்காமல் நேரே வந்திருந்தார்.

"உங்க பொண்ணு படிக்கிறதும் இல்ல, ஸ்கூல் புக்கைக் கிழிச்சும் வெச்சிருக்கா. கேட்டா பொய். நீங்களும் தினம் கையெழுத்து போட்டு அனுப்பிடுறீங்க!"

"மூணு நாளா வீட்ல இதே ரோதனைதான் மிஸ். யானை இன்னா ஆச்சு, யானை இன்னா ஆச்சுன்னு உயிரை வாங்குறா. எதனா ஒண்ணு எழுதிட்டுப் போயேம்மான்னேன். படிக்காததை எப்படி எழுதுறதுன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றா."

"நல்லா நடிக்கிறா!"

"தப்பு பண்ணியிருந்தா நானே நாலு போடுறேன் மிஸ். புக்கை இப்படிக் குடுங்க."

புத்தகத்தை நன்றாக விரித்தார். தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார்.

"இது கிழிச்சது இல்ல மிஸ். கிழிச்சா அடியில பிசிறு நிக்கும், தையல் தொளதொளன்னு ஆயிடும். இங்க பாருங்க, கிண்ணுனு கீது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்னு அடுக்கித் தைப்பாங்க. கடைசி ஃபாரத்தை அச்சாபீஸ்லயே சேக்காம உட்டுட்டாங்க. இந்த புக்கு வாங்கின அன்னைக்கே இவ்ளோதான்."

"அதெப்படிங்க? இவளுக்கு முன்னாடி எட்டுப் பேர் படிச்சிருக்காங்க! ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

வகுப்பு நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிய தாளில் ஒரு வரி எழுதி, பெயரும் போடவேண்டும். மிஸ் வேகமாகப் பின்னட்டையைத் திருப்பினாள்.

'யானை பத்திரமாகக் கரை சேர்ந்தது. சூப்பர்.' அதற்குக் கீழேயே, 'யானை மூழ்கியதும் அழுதுவிட்டேன்.' ஷோயப் என்கிற பையன் ஒருபடி மேலே போய் யானைக்குக் கல்யாணமே பண்ணி வைத்திருந்தான். எட்டு வரிக்கும் பக்கத்தில் மிஸ் கையாலேயே போட்ட சிவப்பு நட்சத்திரம்.

அடக் கடவுளே! புளுகினவர்களுக்கெல்லாம் நட்சத்திரம். படித்த ஒரே குழந்தைக்கு முட்டை. அதுவும் வகுப்பே பார்க்க நிற்கவைத்து, கிழித்தாய் என்று பழிபோட்டு! மிஸ்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஹபீபுர் ரஹ்மானை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏன் மஹ்விஷ்..." மிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "பக்கம் இல்லேன்னு மொதல் நாளே மிஸ்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மிஸ்."

"எனக்கா?"

மஹ்விஷ் அந்தத் தாளில், எட்டுப் பேருக்கும் மேலே இருந்த முதல் வரியில் விரலை வைத்தாள்.

'கண்கலங்க வைக்கும் முடிவு. எல்லோரும் அவசியம் படியுங்கள். ஃப்ளோரன்ஸ் மிஸ்.'

ஜூன் மாதம், அலமாரியில் இருந்த நாற்பது புத்தகத்துக்கும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதித் தள்ளிய வரி அது. ஒன்றைக்கூட அவள் படித்துப் பார்க்கவில்லை.

ஹபீபுர் ரஹ்மானும் அதைப் படித்தார். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, எதையோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மிஸ்ஸுக்குத் தேவலை என்று இருந்தது.

மஹ்விஷுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. மூன்று நாளாக மனசில் அடக்கி வைத்திருந்ததை, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசையாகக் கேட்டாள்.

"நீங்கதான் படிச்சிருக்கீங்களே, சொல்லுங்க மிஸ். யானை பொழைச்சுதா, இல்லையா?"