காக்கை வீட்டுத் திருஷ்டி பொம்மை

மேஸ்திரியை வைத்தால் ஏமாற்றிவிடுவான் என்று காக்கையும் அவள் கணவனும் தாங்களே சுள்ளி பொறுக்கி வேப்பமர உச்சியில் கூடு கட்டினார்கள். இலை மறைவில் அது யார் கண்ணிலும் படவில்லை.

"ஊர்க்கண்ணு பட்டுடும்ங்க" என்றாள் காக்கை. கணவன் பக்கத்துக் கட்டடத்திலிருந்து, நாக்கை நீட்டிய சின்னத் திருஷ்டி பொம்மையைத் தூக்கிவந்து வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டான்.

காக்கை நாலு முட்டை இட்டு முடித்த மறுநாள் குயில் வந்தாள்.

"உங்க வீட்டைத் தேடாத மரமில்லை அக்கா. நல்லவேளை, பொம்மை கட்டியிருந்தீங்க."

காக்கை பூரித்துப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, விருந்தாளிக்குப் பழம் கொண்டுவரப் பறந்தாள். திரும்பி வந்தபோது குயிலைக் காணோம். கூட்டில் ஐந்து முட்டை இருந்தது.

"பார்த்தீங்களா," என்றாள் கணவனிடம், "எல்லாம் பொம்மை கட்டின நேரம்."