மாப்பிள்ளை கேட்ட சைக்கிள்

"சைக்கிள் குடுத்தாத்தான் கல்யாணம்னு உங்கம்மா சொல்றாங்க. தம்பிக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் தேவசகாயம்.

பெங்களூர் மர்பி டவுனில் அவர் மகள் மௌரீனைப் பெண் பார்க்க வந்திருந்த ஹெர்பர்ட், ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டு பட்லர். சிரித்தான்.

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? போன வருஷம் துரைசாணியோட சீமைக்குப் போனப்ப, ஜெர்மனியில பஸாவ்ங்கற ஊர்லேர்ந்து வியன்னா வரைக்கும் டான்யூப் ஆத்தங்கரையோரமா ஒரு வாரம் சைக்கிள்லதான் போனோம்."

"அங்க ரயில் இல்லையா?"

"இருக்கு. ஆனா லீவுன்னா அவங்களுக்கு சைக்கிள்ல ஊர் சுத்தறதுதான்."

"நமக்கு லீவு கிடைச்சா காலை நீட்டிப் படுக்குறோம். சரி, என் சைக்கிள்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

ஹெர்பர்ட் மழுப்பிப் பார்த்தான். தேவசகாயம் விடவில்லை. ஏறியவன் நாலு மிதி மிதிப்பதற்குள் எதிர்வீட்டுச் சாக்கடையில் கிடந்தான்.

"உங்க வாய் மட்டும்தான் வியன்னா போயிருக்கு. பொய் சொல்றவனுக்கு என் பொண்ணு கிடையாது."

"சத்தியமா போனேன் மாமா. அது முன்னாலயும் பின்னாலயுமா ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள். ஹேண்டில், பிரேக் எல்லாம் முன்னால துரைசாணிகிட்ட. பின்னால உட்கார்ந்து மிதிச்சது நான்."

"அவங்க மிதிக்கலையா?"

"பெடல்ல காலை வெச்சிருந்தாங்க."

தேவசகாயம் மகளைத் திரும்பிப் பார்த்தார். மௌரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இவரையே கட்டிக்கறேன் டாடி. அதே மாதிரி சைக்கிளாப் பாத்து வாங்கிக் குடுங்க. மிதிக்கறதை அவர் பாத்துக்கட்டும், திருப்பறதை நான் பாத்துக்கறேன்."