சுவருக்கு ஒரு தாலாட்டு

மலேசியாவில், உலு திராமின் அந்த வரிசை வீட்டு வாசலில் திருஷ்டி கழித்துப் போட்டிருந்த எலுமிச்சையை மிதிக்காமல், ஒதுங்கித்தான் உள்ளே வந்தான் முகமூடிக்காரன். வந்ததும் பிரேமலாவின் கழுத்துக்கு நேரே கத்தியை நீட்டினான்.

“சத்தம் வரக்கூடாது,” என்றான் மலாயில்.

அவள் மடியில் குழந்தை சிணுங்கியது.

“பாடினால்தான் தூங்கும்,” என்று அவளும் மலாயிலேயே கெஞ்சினாள். அவன் தலையாட்டிவிட்டு அலமாரியைக் குடையத் தொடங்கினான்.

பக்கத்து வீட்டு ராசம்மாவின் டிவி சற்று முன்புதான் அடங்கியிருந்தது. நல்லவேளை, பாடினால் சுவர் தாண்டிக் கேட்கும். இவனுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது?

“ஆராரோ ஆரிரரோ... ராசம்மாக்கா கேளுங்க... கத்தியோட ஒருத்தன் நிக்கிறான்... ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க... ஆராரோ...”

போலீஸ் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தாள். அது மலாய்க்காரனுக்கும் புரிந்துவிடும். மெட்டு மாறாமல் திரும்பத் திரும்பப் பாடினாள்.

அவன் அலமாரியைச் சாத்திவிட்டு வந்து, அவள் எதிரே குந்தி, குழந்தையின் முகத்தைப் பார்த்தான்.

“பாப்பா தூங்கிருச்சு. போதும், நிறுத்துங்கக்கா,” என்றான் தமிழில். “ராசம்மாக்கா வரமாட்டாங்க. அவங்க டிவிய அடைச்சதே நான்தான்.”