பதிவேட்டில் ஒரு பெருவிரல்

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தின் மேசைமீது ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்வாக விழுகிறது. என் அக்காள் பிரிஸில்லாவின் திருமணத்தை அறிவிக்கும் முதல் ஓலை சற்றுமுன் பூசையில் வாசிக்கப்பட்டிருக்கிறது. வெளியே வாழ்த்துக் குரல்கள் இன்னும் ஓயவில்லை. மணநாளில் உறவினருக்கு வழங்குவதற்காக என் தந்தையார் பிலிப் எழுதிய குடும்ப வரலாறு நாளை அச்சுக்குப் போகிறது. "தாத்தா சவரிராயன் பாட்டி ஞானம்மாளுக்கு எழுதக் கற்பித்தார்" என்பது அதன் முதல் வரி. அத்தை பியாட்ரிஸ் அதை நம்ப மறுப்பதால், கோயில் பணியாளரான உபதேசியார் அவர்கள் மணந்த 1929ஆம் ஆண்டின் திருமணப் பதிவேட்டை அந்துருண்டை மணக்க விரிக்கிறார். தந்தையாரின் விரல் பக்கத்தில் இறங்கி, நின்றுவிடுகிறது. மணமகளின் இடத்தில் 'ஞானம்மாள்' என்று முத்து முத்தான கையெழுத்து; மணமகனின் இடத்தில் ஊதா நிறப் பெருவிரல் ரேகை. "கைநாட்டு!" என்று அத்தை கைதட்டுகிறார். "அப்போ கல்யாணத்துக்கப்புறம் ரங்கூன்லேர்ந்து தாத்தா போட்ட கடுதாசியெல்லாம்?" என்கிறார் தந்தையார். "எல்லாம் பாட்டி சொல்லிக் குடுத்த எழுத்துண்ணா. யாருக்கு யார் டீச்சர்னு இப்பப் புரியுதா?" தந்தையாரின் முகம் ஒரு கணம் வாடுகிறது, பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறார். அக்காள் அவரைவிட உரக்கச் சிரிக்கிறாள். உபதேசியாரிடம் பணிவாகப் பேனாவை இரவல் வாங்கி, அச்சுப்படியின் முதல் வரியில் இரண்டு பெயர்களையும் தந்தையார் இடம் மாற்றுகிறார். பின்பு அந்த ஊதா ரேகையை மூக்குக் கண்ணாடி வழியாக மறுபடி பார்த்து, "கடுதாசியில ஒரு தப்பு கிடையாது, பியா. தாத்தா நல்ல ஸ்டூடண்ட்டுதான்" என்கிறார்.