கம்பளிக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

நடுப்பகல். ஜன்னலை அடைத்தும் கூரைச் சந்து வழியே வெயில் ஒழுகுவதால், சோதனைக்கு வேண்டிய இருட்டுக்காக நாங்கள் ஒரே கம்பளிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்: நான், மகள், அவள் மடியில் கைக்குழந்தை, தண்ணீரைச் சோதிக்க வந்த அம்மாள். மகளுக்குப் பால் வற்றிவிட்டது. புட்டிப் பால்பொடியை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலக்கலாமா என்பது இப்போது தெரிந்துவிடும். என் முழங்கால்களுக்கு நடுவே இரண்டு குப்பிகள். ஒன்றில் நான் வேலை பார்க்கும் குழல்விளக்குப் பட்டறையின் வாய்க்கால் தண்ணீர், மற்றதில் நான் தோண்டிய கிணற்றின் தண்ணீர். இரண்டிலும் சோதனை மருந்தைச் சொட்டிவிட்டு, அம்மாள் ஊதா விளக்கை வாய்க்கால் குப்பியில் காட்டுகிறார். தண்ணீர் பச்சையாக ஒளிர்கிறது. பேரன் அதைப் பிடிக்க எட்டுகிறான். "எவ்வளவு அழகா இருக்கு!" என்கிறாள் மகள். அந்த வெளிச்சத்தில் அவள் கன்னம் எவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது என்று பார்க்கிறேன். விளக்கு எங்கள் குப்பிக்கு நகர்கிறது. ஒளியே இல்லை. காய்ப்பேறிய விரல்களால் குப்பியை எடுத்து விளக்குக்கு இன்னும் பக்கத்தில் பிடிக்கிறேன். "நம்மது எரியலையேக்கா," என்கிறாள் மகள். "குழல்விளக்குல போடுற பாதரச விஷம் இருந்தாத்தாம்மா எரியும்," என்கிறார் அம்மாள். "உங்க தண்ணில அது இல்ல. எப்பவும்போல காய்ச்சிக் கலந்து குடு." "அப்பா, மூச்சு விடுப்பா," என்று மகள் என் முதுகைத் தடவுகிறாள். பேரன் மட்டும் அந்தப் பச்சை வெளிச்சம் வேண்டும் என்று வீறிட்டு அழுகிறான். "அது உனக்கு வேணாண்டா, என் ராசா," என்று அவன் உச்சியில் முத்தமிட்டுச் சிரிக்கிறாள். கம்பளியை விலக்க எனக்கு மனம் வரவில்லை.