வசந்தமலரின் நற்சான்று

"கடிக்குது சேர். நல்லாக் கடிக்குது."

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பார்த்து வசந்தமலர் இப்படிச் சொன்னதும், பக்கத்துக் கதிரையில் இருந்த மாக்கிறட் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் பல்கலைக்கழகம். உயிர்மருத்துவப் பொறியியல் துறைக்கு இளம் விரிவுரையாளர் ஒருவரை எடுக்க நேர்முகம் நடந்துகொண்டிருந்தது. மாக்கிறட்டின் மகள் டிலோஜினி கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அங்கே அறைக்கு வெளியே காத்திருந்தாள்.

நற்சான்று சொல்ல இரண்டு பேரின் பெயர் கேட்டிருந்தார்கள். ஒன்றுக்குத் தனக்குப் படிப்பித்தவரைப் போட்டவள், மற்றதுக்கு அடம்பனில் பக்கத்து வளவு வசந்தமலரைப் போட்டிருந்தாள். வயல் செய்கிறவள். போர் முடிந்து மீளக் குடியேறிய வருசம் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி அவளுடைய இடது காலைக் கொண்டு போயிருந்தது.

"பங்குச் சுவாமியின்ர பெயரைப் போடடி எண்டு தலைதலையா அடிச்சனான்." காலையிலிருந்து மாக்கிறட் இதை மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

போனில் பேராசிரியர் பாலசிங்கம் கேட்டார். "டிலோஜினி செய்து தந்த காலைத்தானே அம்மா இப்ப போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம் சேர். இது ஆறாவது."

"மற்ற அஞ்சுக்கும் என்ன நடந்தது?"

"மூண்டு சேத்துக்க புதைஞ்சு கழண்டு போச்சு. ஒண்டோட வரம்பில விழுந்து பல்லு உடைஞ்சது. ஒண்டின்ர பாதத்தை நாய் கொண்டு போட்டுது. அதுக்குப் பிடிச்சுக்கொண்டுது போல, இன்னும் திருப்பித் தரேல்ல."

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். மாக்கிறட் சிரிக்கவில்லை.

"இந்த ஆறாவது?"

"சேத்துக்க இறங்கி நடக்கலாம் சேர். பொய் சொல்லக்கூடாது. ஆனா வேர்த்தா உள்ளுக்க வழுக்கி உரஞ்சுது. மத்தியானத்துக்குப் பிறகு நிக்கேலாது."

வாயைப் பொத்து என்று மாக்கிறட் கையைக் காட்டினாள். வசந்தமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளையின்ர வேலை சரியில்லை எண்டு சொல்லுறீங்களோ?" இன்னொரு குரல். பெண் குரல்.

"வேலை முடியேல்ல எண்டு சொல்லுறன் மிஸ். ரெண்டு வருசமா மாசாமாசம் பஸ் ஏறி வந்தவ. நிலத்தில குந்தியிருந்து புண்ணைப் பாத்து, கொப்பியில எழுதிக்கொண்டு போவா. அடுத்த மாசம் திருத்தின காலோட வந்து நிப்பா. இன்னும் கனக்கக் கிடக்கு."

"சரி அம்மா, நன்றி."

போன் வைத்த சத்தம் அடங்கமுன் மாக்கிறட் எழும்பிவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு மனிசியோ? 'மலர் அன்ரியின்ர கால் சரிவராமல் நான் ஒரு இடமும் போகன்' எண்டு போன வருசம் முழுக்க ஒரு விண்ணப்பமும் போடாமல் இருந்தவள் என்ர பிள்ளை. நீதானே அவளுக்கு முன்னால வீட்டு முத்தத்தில ஓடிக் காட்டினனி? 'கடிக்கேல்ல பிள்ளை, சொந்தக் கால் மாதிரிக் கிடக்கு' எண்டு நீதானே சொன்னனி? அதைக் கேட்டுத்தானே போட்டவள்!"

"ஓம் அக்கா. சொன்னனான்."

"பிறகு இண்டைக்கு இந்த நாக்கு ஏன் பிரண்டது? அவள் போனா உனக்குக் கால் திருத்த ஆளில்லை. அதுதானே?"

வசந்தமலர் முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகவும் செபம் சொன்னனானடி. என்ர பிள்ளையின்ர சோத்தில மண்ணைப் போட்டிட்டாய்." மாக்கிறட் அழத் தொடங்கினாள்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அவளுடைய போன் அடித்தது.

"அம்மா! என்னைத்தான் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கினமாம். கடிதம் பிறகுதான் வருமாம். அன்ரி பக்கத்திலயோ? குடுங்கோ."

மாக்கிறட் வாயைத் திறந்தபடி போனை நீட்டினாள்.

"அன்ரி, நான் உள்ளுக்க 'இப்ப கடிக்கேல்ல' எண்டு சொல்லிப்போட்டு வாறன், நீங்கள் கடிக்குது எண்டு சொன்னீங்களாம்! பேராசிரியர் சிரிக்கிறார். 'வயலில நடக்கிற ஆளைத்தான் நான் நம்புவன், மிச்ச வேலையை இங்க வந்து செய்து முடியுங்கோ' எண்டுறார்." சிரித்தவளின் குரல் சட்டென்று தணிந்தது. "அன்ரி, உண்மையாவே கடிக்குதோ? கடிச்சாச் சொல்லுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாறன். இங்க வந்தா இனி மாசாமாசம் வரேலாது."

"விசரி! வேலை முடிஞ்சுது எண்டு சொன்னா உன்னை எதுக்கு எடுப்பினம்? அதுக்குத்தான் கடிக்குது எண்டு ஒரு பொய் விட்டனான். நீ யோசியாமல் போ பிள்ளை."

மாக்கிறட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அடி கள்ளி! படிச்ச ஆக்களுக்கே சுத்திப்போட்டியேடி! நான் ஒரு மடைச்சி, உன்னை என்னெல்லாம் பேசிப்போட்டன்."

"அது கிடக்குது. போய்க் கோயிலில மெழுகுதிரி கொளுத்துங்கோ."

மாக்கிறட் வாசல் படலையைத் தாண்டும் வரைக்கும் வசந்தமலர் நேராக நின்று கையசைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குள் போய், அடுப்படி நிலத்தில் உட்கார்ந்து காலைக் கழற்றினாள்.

துண்டுக்காலில் சுற்றியிருந்த துணி காய்ந்த இரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் உரிக்க வேண்டியிருந்தது.